எடையற்ற தூசும் பிளாஸ்மாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்மாவுக்குள் தூசைத் தூவி, அதை விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிப் படம் பிடிக்கிறார்களாமே, எதற்கு என்று இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் கேட்பதுண்டு. படித்து முடித்தவர்களும் கேட்கிறார்கள். அப்படி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பிளஸ் டூ இயற்பியல் தெரிந்தால் போதும். கணக்கு வரும் இடத்தில் போட்டே காட்டியிருக்கிறேன்.

காம்ப்ளெக்ஸ் பிளாஸ்மா என்றால் என்ன?

வாயுவில் மின்சாரத்தைச் செலுத்தினால் சில அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு வரும். எலெக்ட்ரான், அயனி, மின்னூட்டமே இல்லாத சாதா அணு, மூன்றும் கலந்திருக்கும் அந்த நிலைதான் பிளாஸ்மா. ட்யூப் லைட்டுக்குள் இருப்பதும் அதுதான். இதில் நான்காவதாக மைக்ரான் அளவுள்ள திடத் துகள்களையும் சேர்த்துவிட்டால் அது தூசுப் பிளாஸ்மா. அந்தத் துகள்கள் ஒன்றையொன்று பலமாக உந்தித் தள்ளி, ஒரு திரவம் போலவோ படிகம் போலவோ கூடி நடந்துகொள்ளும்போது காம்ப்ளெக்ஸ் பிளாஸ்மா என்கிறார்கள்.

ஆய்வகத்தில் பயன்படுவது சூடான பிளாஸ்மா அல்ல. பெரும்பாலும் ஆர்கான் அல்லது நியான், அழுத்தம் சில பத்து பாஸ்கல். கிட்டத்தட்ட ஒரு கோடி அணுவில் ஒன்றுதான் அயனியாகியிருக்கும். எலெக்ட்ரான்களின் வெப்பநிலை மட்டும் 30,000 கெல்வினைத் தாண்டும். வாயுவும் அயனிகளும் அறை வெப்பநிலையிலேயே இருக்கும். அதனால்தான் உள்ளே போட்ட பிளாஸ்டிக் துகள் உருகாமல் இருக்கிறது.

தூசு என்றால் வீட்டில் பெருக்கி எடுக்கிற தூசா?

இல்லை. மெலமைன் ஃபார்மால்டிஹைடு என்ற பிளாஸ்டிக்கில் செய்த உருண்டைகள். ஒரே அளவில், துல்லியமான கோளமாக, பாட்டிலில் பொடியாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன. விட்டம் ஒரு மைக்ரானிலிருந்து பத்து மைக்ரானுக்குச் சற்று மேல் வரை. ஒரே அளவில் இருப்பது முக்கியம். அளவு மாறினால் மின்னூட்டம் மாறும், நிறை மாறும், அப்புறம் எந்த விசை எதைச் செய்தது என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

கருவிக்குள் இதைப் போடும் முறை எளிமையானது. சல்லடை வைத்த சின்னக் குப்பி, அதை ஆட்ட ஒரு மின்காந்தம். உப்பு தூவுகிற குப்பியைக் குலுக்குவது போலத்தான்.

அந்தத் துகளுக்கு மின்னூட்டம் எங்கிருந்து வருகிறது?

எலெக்ட்ரான் அயனியைவிடப் பல்லாயிரம் மடங்கு இலேசானது, அதோடு சூடானது. அதனால் துகளின் மேல் முதலில் வந்து மோதி ஒட்டிக்கொள்வது எலெக்ட்ரான்கள்தான். துகள் எதிர்மின்னூட்டம் பெறுகிறது. பெறப் பெற, அடுத்து வரும் எலெக்ட்ரான்களை அதுவே விரட்டுகிறது, அயனிகளை இழுக்கிறது. இரண்டும் சம அளவில் வந்து சேரும் நிலை வந்ததும் மின்னூட்டம் மேலும் ஏறாமல் நின்றுவிடும். 7 மைக்ரான் விட்டமுள்ள துகளில் அப்போது சுமார் 10,000 எலெக்ட்ரான்கள் ஏறியிருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மின்னூட்டம் எலெக்ட்ரானின் மின்னூட்டத்தைப் போல இயற்கை கொடுத்த மாறிலி அல்ல. சுற்றியுள்ள பிளாஸ்மா மாறினால் இதுவும் மாறும். பக்கத்தில் துகள்கள் நெருங்கினாலும் மாறும். இத்துறையின் கஷ்டமும் சுவையும் பாதி இதில்தான் இருக்கிறது.

இதைப் பூமியிலேயே செய்யக்கூடாதா? விண்வெளி எதற்கு?

செய்யலாம், நிறையச் செய்கிறார்கள். ஆனால் பூமியில் எது கிடைக்காது என்பதை ஒரு கணக்குப் போட்டால் பளிச்சென்று தெரியும்.

அதே 7 மைக்ரான் துகளை எடுத்துக்கொள்வோம். மெலமைனின் அடர்த்தி நீரைப்போல் ஒன்றரை மடங்கு. அப்படியென்றால் துகளின் நிறை சுமார் 2.7 × 10⁻¹³ கிலோகிராம். எடை சுமார் 2.7 × 10⁻¹² நியூட்டன். 10,000 எலெக்ட்ரான்களின் மின்னூட்டம் 1.6 × 10⁻¹⁵ கூலும். எடையை மின்னூட்டத்தால் வகுத்தால், துகளைத் தாங்கிப் பிடிக்கத் தேவையான மின்புலம் கிடைக்கும்: மீட்டருக்கு ஏறக்குறைய 1,700 வோல்ட். அதாவது சென்டிமீட்டருக்கு 17 வோல்ட்.

பிளாஸ்மாவின் நடுப்பகுதியில் இவ்வளவு வலுவான புலம் கிடையாது. கீழ் மின்வாயை ஒட்டி, சில மில்லிமீட்டர் தடிமனில் உள்ள உறைப் பகுதியில்தான் உண்டு. ஆகவே பூமியில் துகள்கள் எல்லாம் அந்த உறையில் போய் மிதக்கும். ஒரு தட்டையான அடுக்கு, மிஞ்சினால் சில அடுக்குகள். அந்த இடத்தில் பிளாஸ்மாவே சமநிலையில் இல்லை. அயனிகள் மேலிருந்து கீழாக வேகமாகப் பாய்கின்றன. ஒவ்வொரு துகளின் அடியிலும் அந்தப் பாய்ச்சல் ஒரு நேர்மின் குவியலை உண்டாக்கி, கீழே உள்ள துகளை மேலே உள்ளதன் நேர்கீழே இழுத்து நிறுத்துகிறது. மேல் துகள் கீழ்த் துகளைப் பாதிக்கிறது, ஆனால் கீழ்த் துகள் மேல் துகளை அதே அளவு பாதிப்பதில்லை. துகள்கள் தமக்குள் என்ன செய்கின்றன என்று பார்க்கப் போனால், பாய்ச்சல் செய்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

மின்வாயைச் சூடாக்கி, வெப்ப வேறுபாட்டால் துகள்களை மேலே தள்ளுவது போன்ற வழிகள் இருக்கின்றன. அவை உதவும், ஆனால் ஒரு விசையை மறைக்க இன்னொரு விசையைக் கொண்டுவருகிறோம். எடையை எடுத்துவிட்டால் துகள்கள் பிளாஸ்மா முழுவதும் பரவும். அதுவரை எடைக்குப் பின்னால் ஒளிந்திருந்த சின்னச் சின்ன விசைகள் வெளியே வரும். இந்த ஆய்வுகளின் பெரிய பலன் அதுதான் என்பது என் கருத்து.

400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு இருக்கத்தானே செய்கிறது?

ஆமாம், தரையில் உள்ளதில் ஏறக்குறைய 90 சதவீதம் அங்கேயும் உண்டு. நிலையமும் அதற்குள் உள்ள கருவியும் துகளும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால் ஒன்றுக்கொன்று எடை தெரிவதில்லை. மிச்சம் இருப்பது தரையில் உள்ளதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவிலான நிலையான முடுக்கமும், ஆட்கள் நடமாட்டம், பம்புகள் போன்றவற்றின் அதிர்வும்தான்.

இந்த நிலையை அடைய நிலையம் ஒன்றே வழி என்றில்லை. ஜெர்மனியின் பிரேமன் நகரில் உள்ள விழுகோபுரத்தில் கருவியைப் போட்டால் 4.7 நொடி, கீழிருந்து எறிந்தால் 9 நொடி சொச்சம் கிடைக்கும். பிரான்சின் போர்டோவிலிருந்து பறக்கும் விமானம் ஒவ்வொரு வளைவிலும் சுமார் 22 நொடி தரும். டெக்ஸஸ் என்ற ஆய்வு ராக்கெட்டில் 6 நிமிடம். துகள் மேகம் ஒன்று அமைதியாகிப் படிகமாக அடுக்கிக்கொள்ள நேரம் வேண்டும். விமானத்தின் 22 நொடி அதற்குப் பெரும்பாலும் போதாது.

"பிளாஸ்மா படிகம்" என்கிறார்களே, வாயுவில் எப்படிப் படிகம்?

இரண்டு துகள்களுக்கு இடையே உள்ள மின்விலக்கு ஆற்றலை, அவற்றின் வெப்ப ஆட்டத்தின் ஆற்றலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். தலா 10,000 எலெக்ட்ரான், இடைவெளி 0.3 மில்லிமீட்டர் என்றால் விலக்கு ஆற்றல் சுமார் 480 எலெக்ட்ரான்வோல்ட். அறை வெப்பநிலையில் ஆட்டத்தின் ஆற்றல் 0.025 எலெக்ட்ரான்வோல்ட். விகிதம் ஏறக்குறைய 20,000. சுற்றியுள்ள பிளாஸ்மா துகளின் மின்னூட்டத்தைக் கொஞ்சம் மறைப்பதால் இது குறையும். மறைக்கும் தூரம் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் ஆயிரத்துக்குப் பக்கத்தில் நிற்கும். இந்த மறைப்பே இல்லாத எளிய கோட்பாட்டில், இந்த விகிதம் 170 வாக்கில் வந்தாலே படிகமாக உறைந்துவிடும்.

எச். இகெஸி இதை 1986-லேயே கணித்துச் சொன்னார். 1994-இல் ஜெர்மனியின் கார்ஹிங்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஹூபர்டஸ் தாமஸ், கிரிகோர் மோர்ஃபில் குழு கண்ணால் காட்டியது. அதே ஆண்டில் தைவானிலும் ஜப்பானிலும் தனித்தனிக் குழுக்கள் காட்டின. கண்ணால் என்று சும்மா சொல்லவில்லை. துகள்களுக்கு இடையே கால் மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதால் லேசர் ஒளியில் ஒவ்வொன்றும் தனிப் புள்ளியாக மின்னும். அறுகோண வடிவில் வரிசையாக நிற்பதை ஒரு சாதாரண கேமராவில் பார்க்கலாம்.

விண்வெளிக்கு இதை முதலில் கொண்டுபோனது யார்?

ரஷ்யர்கள் மிர் நிலையத்தில் 1998 வாக்கில் முதற்கட்ட சோதனைகளைச் செய்தார்கள். ஜெர்மானியர்கள் 1996 முதல் விமானத்திலும் டெக்ஸஸ் ராக்கெட்டிலும் முயன்றார்கள். இரண்டு தரப்பும் சேர்ந்து உருவாக்கிய கருவி 2001 தொடக்கத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனது. ரஷ்யத் தரப்பை நடத்திய அனதோலி நெஃபெடோவ் அந்தச் சமயத்தில் இறந்துவிட, கருவிக்குப் பிகேஇ-நெஃபெடோவ் என்று பெயர் வைத்தார்கள் (பிகே என்பது பிளாஸ்மா படிகம் என்பதன் ஜெர்மன் சுருக்கம்). நிலையத்தில் தங்கிய முதல் குழுவைச் சேர்ந்த செர்கெய் கிரிகாலியோவ் மார்ச் மாதம் அதை இயக்கினார். நிலையத்தில் நடந்த முதல் இயற்பியல் ஆய்வுகளில் இது ஒன்று. 2005 வரை ஓடியது. அடுத்து பிகே-3 பிளஸ், 2006 முதல் 2013 வரை. அதற்குப் பிறகு பிகே-4, ஐரோப்பிய விண்வெளி முகமையும் ரஷ்யாவும் சேர்ந்தது, 2014 கடைசியில் நிலையத்தின் கொலம்பஸ் என்ற ஆய்வகப் பகுதியில் பொருத்தப்பட்டது. அடுத்த கருவியாக காம்பாக்ட் என்ற ஒன்றை ஜெர்மனியும் அமெரிக்காவும் திட்டமிட்டு வருகின்றன.

எடை போய்விட்டால் துகள்கள் சீராகப் பரவுமா?

எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். ராக்கெட்டில் எடுத்த படங்களைப் பார்த்தபோது மேகத்தின் நட்டநடுவில் துகளே இல்லாத ஒரு குழி இருந்தது. கோளம் போல், விளிம்பு கத்தியால் வெட்டியது மாதிரி கூர்மையாக. நிலையத்திலும் அதே குழி வந்தது.

காரணம் இதுதான். பிளாஸ்மாவின் நடுவில் அயனிகள் உற்பத்தியாகி வெளிச்சுவரை நோக்கி ஓடுகின்றன. ஓடும் வழியில் துகள்களைத் தள்ளிக்கொண்டு போகின்றன. மின்புலமோ எதிர்மின் துகள்களை நடுவை நோக்கி இழுக்கிறது. நடுப்பகுதியில் அயனிகளின் தள்ளல் ஜெயிக்கிறது, வெளிப்பகுதியில் மின்புலம் ஜெயிக்கிறது, இரண்டும் சமமாகும் இடத்தில் குழியின் விளிம்பு நிற்கிறது. போதாததற்கு, துகள் இல்லாத இடத்தில் எலெக்ட்ரான்களை விழுங்க ஆள் இல்லை, ஆகவே அங்கே அயனியாக்கம் இன்னும் கூடும், குழி இன்னும் உறுதிப்படும்.

தரையில் அயனிகளின் இந்தத் தள்ளலைத் தனியாகப் பார்ப்பதே கடினம், எடை அதை அமுக்கிவிடும். சீரான முப்பரிமாணப் படிகம் வேண்டும் என்று போனவர்களுக்குக் குழி ஒரு தொல்லை. ஆனால் அயனிகள் தள்ளும் இந்த விசையின் கோட்பாட்டைத் திருத்தி எழுதத் தூண்டியது அந்தத் தொல்லைதான். பின்னாளில் மின்திறனைக் குறைத்துக் குழியை மூடவும் கற்றுக்கொண்டார்கள்.

பிகே-4-இல் ஒரு பரிசோதனை எப்படி நடக்கும்?

முன்னிரண்டு கருவிகளிலும் இரண்டு மின்வாய்த் தட்டுகளுக்கு நடுவே ரேடியோ அலைவரிசையில் பிளாஸ்மா உருவாக்கினார்கள். பிகே-4 வேறு மாதிரி. 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள நீளமான கண்ணாடிக் குழாய், இரு முனைகளும் வளைந்திருக்கும். உள்ளே நேர்மின்னோட்டத்தில் நியான் ஒளிரும். ஒரு முனையில் குப்பியைக் குலுக்கித் துகள்களை விடுவார்கள். மின்புலம் அவற்றைக் குழாய் நெடுகக் கொண்டுவரும். கேமராவுக்கு எதிரே வந்ததும் மின்னோட்டத்தின் திசையை நொடிக்குச் சில நூறு தடவை மாற்றி மாற்றி விடுவார்கள். துகள் கனமானது, அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. சராசரி விசை பூச்சியமாகி, வந்த இடத்திலேயே நின்றுவிடும்.

லேசர் கதிரைத் தகடு போல் மெல்லியதாக விரித்துக் குழாய்க்குள் விடுகிறார்கள். அந்தத் தகட்டில் இருக்கும் துகள்கள் மட்டும் மின்னும். தகட்டையும் கேமராவையும் சேர்த்து நகர்த்தினால் அடுக்கடுக்காக முப்பரிமாணப் படம் கிடைக்கும். இந்த அளவுத் துகளின் வெப்ப வேகம் நொடிக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான். வீடியோவில் ஒவ்வொரு துகளையும் ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்த ஃபிரேமுக்குத் தொடர்ந்து பின்பற்றலாம். விண்வெளி வீரர் கருவியைத் தயார்செய்து கொடுப்பார், பிரான்சின் துலூஸ் நகரிலுள்ள மையத்திலிருந்து விஞ்ஞானிகள் நடத்துவார்கள். வீடியோ முழுவதையும் ரேடியோவில் அனுப்ப முடியாத அளவு பெரியது. ஹார்ட் டிஸ்க்காகத்தான் தரைக்கு வந்து சேரும்.

திரவத்தில் மிதக்கும் துகள்களை வைத்தும் இப்படிப் படிகம் செய்கிறார்களே, அது போதாதா?

நல்ல கேள்வி. கூழ்மத் துகள்களிலும் படிகம் உண்டு, அதையும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம். ஆனால் நீர் துகளை இறுக்கிப் பிடிக்கிறது. ஒரு துகளைத் தட்டிவிட்டால் அதன் வேகம் கண நேரத்தில் செத்துவிடும். அலை ஓடாது, அதிர்வு நிலைக்காது. சில பத்து பாஸ்கல் ஆர்கானில் உராய்வு நீரில் உள்ளதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. தட்டிய துகள் போய் அடுத்ததை இடிக்கும், அது அதற்கடுத்ததை. உண்மையான திரவத்தில் அணுக்கள் செய்வதும் இதுதான். அணுக்களை நாம் இப்படி ஒவ்வொன்றாகப் பின்தொடர முடியாது, துகள்களை முடியும்.

இதுவரை என்னதான் கண்டார்கள்?

எல்லாவற்றையும் சொல்ல இடம் போதாது, எனக்கு முக்கியமாகத் தோன்றுபவை இவை. பிகே-3 பிளஸ்ஸில் மாறுதிசை மின்புலம் ஒன்றைக் கொடுத்தபோது, தாறுமாறாக இருந்த துகள்கள் புலத்தின் திசையில் சரம் சரமாகக் கோத்துக்கொண்டன. புலத்தை எடுத்ததும் கலைந்து பழைய திரவ நிலைக்குத் திரும்பின. மின்புலத்தால் பாகுநிலை மாறும் திரவங்கள் தொழில்துறையில் ஏற்கெனவே உண்டு. அவற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் துகள் துகளாகப் பார்க்க முடிந்தது இங்கேதான். இது 2008-இல் வெளியானது.

அடுத்த ஆண்டு வந்தது தடம் பிரிதல். பெரிய துகள்களின் மேகத்துக்குள் சிறிய துகள்களைச் செலுத்தினார்கள். சிறியவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி, ஓடைகளாகப் பிரிந்து ஊடுருவிச் சென்றன. யாரும் வழிநடத்தவில்லை, எதிரெதிர் இயக்கமே ஒழுங்கை உண்டாக்கியது.

தூசு ஒலியலையையும் சொல்ல வேண்டும். தூசு கலந்த பிளாஸ்மாவில் நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் ஊரும் அலை ஒன்று இருக்க வேண்டும் என்று 1990-இல் என். என். ராவ், பி. கே. சுக்லா, எம். ஒய். யூ மூவரும் கணித்தார்கள். முதல் இருவரும் இந்தியர்கள். 1995-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அது கண்ணுக்குத் தெரிந்தது. விண்வெளி நிலையத்தில் இந்த அலைகள் தாமாகவே கிளம்பி மேகம் முழுக்கப் பட்டைப் பட்டையாக ஓடுகின்றன.

சரி, இதனால் நமக்கு என்ன பயன்?

சில்லுத் தயாரிப்பில் இருந்து தொடங்கலாம். பிளாஸ்மாவால் சிலிக்கான் வேஃபர் என்ற மெல்லிய தகட்டைச் செதுக்கும் அறைக்குள் துகள்கள் தாமாகவே வளர்ந்து, வேஃபரின் மேல் மிதந்து நிற்பதை 1980-களின் கடைசியில் ஐபிஎம்மில் கேரி செல்வின் லேசர் போட்டுக் காட்டினார். பிளாஸ்மாவை அணைத்ததும் அத்தனையும் வேஃபரின் மேல் விழும், சில்லு கெட்டுப்போகும். அதுவரை தூசு வெளியிலிருந்து வருகிறது என்று நினைத்து அறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள்.

மோர்ஃபிலின் குழு பிற்பாடு குளிர் பிளாஸ்மாவால் புண்களில் உள்ள பாக்டீரியாவைக் கொல்லும் கருவிகளில் இறங்கியது. ஆறாத புண்ணுள்ள நோயாளிகளிடம் அதைச் சோதித்தும் பார்த்தார்கள்.

விண்வெளியிலும் தூசுப் பிளாஸ்மா எங்கும் உண்டு. சனியின் வளையங்களில் ஆரக்கால் போல் கருநிறக் கோடுகள் தோன்றி மறைவதை வாயேஜர் விண்கலம் 1980-இல் படம் எடுத்தது. மின்னூட்டம் பெற்ற நுண்தூசு வளையத்தைவிட்டு மேலெழுவதாலேயே அவை வருகின்றன என்பது பெரும்பாலோர் கருத்து. நிலவின் தூசு அப்பல்லோ வீரர்களின் உடைகளில் ஒட்டிக்கொண்டு படாத பாடு படுத்தியது. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3-இன் ரம்பா கருவி நிலவின் தரையருகே பிளாஸ்மாவை அளந்தது. கன மீட்டருக்கு 50 இலட்சம் முதல் 3 கோடி எலெக்ட்ரான் வரை என்பது முதற்கட்டக் கணிப்பு. ஆய்வகப் பிளாஸ்மாவைவிடக் கோடிக்கணக்கான மடங்கு அடர்த்தி குறைந்தது. ஆனாலும் அங்கே தூசு எப்படி மின்னூட்டம் பெறும், எப்போது தரையைவிட்டு எழும் என்று கணிக்க அந்த எண் வேண்டும்.

கம்ப்யூட்டரில் சிமுலேஷன் செய்தால் போதாதா?

துகள்கள் எந்த விசையால் ஒன்றையொன்று தள்ளுகின்றன என்று நாம் எழுதிக் கொடுப்பதைத்தான் சிமுலேஷன் பின்பற்றும். நடுக்குழியை முதலில் சொன்னது சிமுலேஷன் அல்ல, ராக்கெட்டில் இருந்த கேமரா.

இதைப் படிக்க இந்தியாவில் எங்கே போகலாம்?

குஜராத்தில் காந்திநகர் அருகே பட் என்ற ஊரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் முதல் இடம். அங்கே கவிழ்த்த கிரேக்க "பை" (Π) எழுத்து வடிவிலான கண்ணாடிக் கலனில் தூசுப் பிளாஸ்மாவின் ஓட்டத்தையும் அலைகளையும் ஆராய்கிறார்கள். குவாஹாட்டி அருகே சோனாபூரில் அதன் கிளை மையமும் இத்துறையில் வேலை செய்கிறது. எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவர்கள் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் மின்காந்தவியலையும் புள்ளியியல் இயற்பியலையும் அழுத்தமாகப் படித்துக்கொள்ளுங்கள். பைத்தானில் படங்களிலிருந்து புள்ளிகளைக் கண்டுபிடித்துப் பின்தொடரும் நிரல் எழுதவும் பழகுங்கள். வீடியோக்களைப் பார்த்துத் துகள்களை எண்ணுவதில்தான் இந்த வேலையின் பெரும்பகுதி போகும்.